யாருக்குத் தெரியப்போகிறது?

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறார். பீரோவை நகர்த்துவதா, வேண்டாமா என்று ஒரு சின்ன மாநாடு நடக்கும். நகர்த்தினால் அரை மணி நேரம் போகும், இடுப்பு பிடித்துக்கொள்ளும், அடியில் ஒரு பழைய ஐம்பது பைசாவும் செத்த பல்லியும் கிடைக்கும். 'விடுங்க சார், பீரோவுக்குப் பின்னாடி யாருக்குத் தெரியப்போகுது?' என்பார் அவர். நாமும் விட்டுவிடுவோம். சென்ற தலைமுறையின் சுண்ணாம்பைப் பார்க்க வேண்டுமென்றால் மியூசியம் போக வேண்டாம், பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் போதும்.

இதில் பெரிய பாவம் ஒன்றுமில்லை. சுவர் கோபித்துக்கொள்ளாது. ஆனால் அந்த வாக்கியம் இருக்கிறதே, 'யாருக்குத் தெரியப்போகுது', அது பீரோவோடு நிற்பதில்லை. தூணுக்குள் கம்பி கட்டும்போது கான்ட்ராக்டர் அதைச் சொல்கிறார். ராத்திரி கடை சாத்தும்போது ஊசி மருந்து இருக்கும் ஃபிரிட்ஜையும் சேர்த்து அணைக்கிற மருந்துக்கடைக்காரர் சொல்கிறார். ஸ்டாக்கை எண்ணாமலேயே எண்ணியதாகக் கையெழுத்துப் போடுகிற கணக்கர் சொல்கிறார். பி.காம் படித்தவன் என்பதால் கடைசி ஆசாமியை எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆகவே கேள்வி இதுதான். யாரும் பார்க்கப்போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு வேலையை ஏன் ஒழுங்காகச் செய்ய வேண்டும்?

'மனசாட்சி' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். ஆனால் அந்த மனசாட்சி எங்கிருந்து வருகிறது? சிலரிடம் நிறைய இருக்கிறது, சிலரிடம் 'நோ ஸ்டாக்' போர்டு தொங்குகிறது, ஏன்? அதைவிட விசித்திரம், ஒரே ஆளிடம் ஆபீஸில் இல்லாத மனசாட்சி வீட்டுத் தோட்டத்தில் இருக்கிறதே, அது எப்படி? எனக்குக் கிடைத்த உருப்படியான விடை ஒன்று காக்களூரில், ஒரு லேத் பட்டறையின் பரணில் இருந்தது.

காக்களூர் எங்கே என்று தென்மாவட்ட வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சென்னை சென்ட்ரலில் அரக்கோணம் போகும் மின்சார ரயிலைப் பிடித்து ஆவடி, திருநின்றவூர், புட்லூர் எல்லாம் தாண்டித் திருவள்ளூரில் இறங்க வேண்டும். அமாவாசையன்று போகாதீர்கள், வீரராகவப் பெருமாளைப் பார்க்க வருகிறவர்களுக்கு நடுவில் ஒற்றைக் காலில்தான் நிற்க முடியும். ஊரை ஒட்டிக் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை. ஆவின் பால் பண்ணை இருக்கிறது. மற்றபடி பெரும்பாலும் சின்னச் சின்ன யூனிட்கள். ஒரு யூனிட்டில் பின், இன்னொன்றில் பிராக்கெட், வேறொன்றில் ரப்பர் வளையம். இங்கிருந்து இன்னொரு கம்பெனிக்குப் போய், அங்கிருந்து மற்றொரு கம்பெனிக்குப் போய், எங்கேயோ ஒரு வண்டிக்குள் உட்கார்ந்துவிடும். அதன் மேல் வண்டிக் கம்பெனியின் பெயர் பெரிதாக மின்னும். பின்னைக் கடைந்தவரின் பெயர் எங்கேயும் இருக்காது.

அங்கே நண்பர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். ஐம்பத்தைந்து வயது. நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். இரண்டு சி.என்.சி. மெஷின், மூன்று பழைய லேத், ஏழு ஆட்கள். பகலெல்லாம் லாரிகளுக்கு வெண்கல புஷ் கடைகிறார்கள். இரவு எட்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அண்ணன் பரண் ஏறுவார். அங்கே அவருடைய இரண்டு காதலிகள் இருக்கிறார்கள். ஒன்று, சுவரில் தொங்கும் நாலு தந்தி பேஸ் கிடார். வாலிபத்தில் மெல்லிசைக் குழுவில் கல்யாண ரிசப்ஷன்களுக்கு வாசித்தவர். இன்னொன்று, பரண் முழுக்கப் படுத்திருக்கும் ஒரு விமானம்.

விமானம் என்றால் கடையில் விற்கிற தெர்மாகோல் பொம்மை இல்லை. 'பைப்பர் கப்' என்ற பழைய அமெரிக்க விமானத்தின் கால் அளவு மாதிரி. நிஜ விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 35 அடி 3 அங்குலம். இதற்குக் கிட்டத்தட்ட 9 அடி. பெட்ரோல் என்ஜின், ரேடியோ கன்ட்ரோல், எடை 9 கிலோ சுமாருக்கு. இரண்டரை வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கிறுக்கு அண்ணனுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நடிகர் அஜித்குமாருக்குச் சின்ன விமானங்கள் மேல் இருக்கும் பிரியம் ஊரறிந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் 'தக்‌ஷா' மாணவர் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். அந்தக் குழு 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது.

நான் பரண் ஏறிய அன்று அண்ணன் இறக்கைக்குள் கையை விட்டு எதையோ நோண்டிக்கொண்டிருந்தார். இறக்கையின் முதுகெலும்பு இரண்டு நீளக் குச்சிகள், மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டுக்கும் நடுவில் தீப்பெட்டி அளவு பால்சா துண்டுகளை வரிசையாகப் பொருத்தி ஒட்ட வேண்டும். பால்சா என்பது ஈக்வடாரிலிருந்து வருகிற மரம், கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இருக்காது. அந்தத் துண்டில் மரத்தின் நார் மேலும் கீழுமாக ஓட வேண்டும், குறுக்காக ஓடக்கூடாது. அண்ணன் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி வைத்துப் பார்த்து, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வெட்டினார். மயிரிழை இடைவெளி இருந்ததாம். என் கண்ணுக்குத் தெரியவில்லை.

'அண்ணே, மேலே ஃபிலிம் ஒட்டி இஸ்திரி போட்டுட்டா உள்ளே இருக்கறது யாருக்குத் தெரியப்போகுது?' என்றேன்.

'விமானத்துக்குத் தெரியும் தம்பி' என்றார், தலையைத் தூக்காமல்.

விளக்கமும் சொன்னார். விமானம் டைவ் அடித்துக் கீழே வந்து சட்டென்று மேலே எழும்பும்போது, இறக்கை தாங்க வேண்டியது 9 கிலோ அல்ல, அதைப்போல நாலைந்து மடங்கு. மேல் குச்சி நசுங்கப் பார்க்கும், கீழ்க்குச்சி இழுபடும். நடுவில் இருக்கும் அந்தத் தீப்பெட்டித் துண்டுகள்தான் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. நார் குறுக்காக ஓடினாலோ, பசை பிடிக்காமல் போனாலோ இறக்கை குடை மாதிரி மடங்கிவிடும்.

மடங்கினால்? மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற 9 கிலோ பொருளின் அடி, 140 கிலோமீட்டர் வேகத்தில் போடப்பட்ட கிரிக்கெட் பந்தின் அடியைப்போல ஏறக்குறைய 15 மடங்கு. முன்னால் என்ஜினும் சுற்றுகிற புரொப்பெல்லரும் வேறு. இதைக் கண்ட இடத்தில் பறக்கவிடவும் முடியாது. 2021-ல் வந்த ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கின்றன. அந்தப் பக்கம் அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத்தளம், இந்தப் பக்கம் மீனம்பாக்கம். அனுமதியுள்ள மைதானம் தேடி வேனில் ஏற்றிப் போக வேண்டும். அங்கே ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவது வேறு யாருமில்லை, அதே அண்ணன். தலைக்கு மேலே வட்டமிடுவது அவர் ஒட்டிய பசை.

இதைத்தான் யோசித்துக்கொண்டே திரும்பி வந்தேன். அண்ணன் அந்தத் துண்டை மாற்றியது தர்ம சிந்தனையாலா? அப்படித் தோன்றவில்லை. செய்கிறவரும் விளைவை அனுபவிக்கிறவரும் அங்கே ஒரே ஆள், அதனால்தான். தப்பு செய்தால் அது சுற்றிக்கொண்டு அவர் தலையிலேயே வந்து விழும். பூமியின் ஈர்ப்பு விசை மாதிரி கறாரான இன்ஸ்பெக்டர் உலகத்தில் கிடையாது. லஞ்சம் வாங்காது, லீவு போடாது, சாம்பிள் பார்க்காது.

இதற்குச் சரித்திரத்திலேயே ஒரு நல்ல ஜோடி உதாரணம் இருக்கிறது.

சாமுவேல் லாங்லி பெரிய விஞ்ஞானி, வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர். 1896 மே மாதம் அவர் செய்த ஆளில்லாத நீராவி மாதிரி விமானம் போட்டோமேக் நதிக்கு மேல் சுமார் ஒரு கிலோமீட்டர் பறந்தது. ராணுவம் 50,000 டாலர் கொடுத்து, ஆள் ஏறுகிற மாதிரி பெரிதாகச் செய்யச் சொன்னது. 1903 ஆகஸ்டில் அதன் கால் அளவு மாதிரி ஒன்றும் பறந்தது. அப்புறம் முழு அளவு.

இங்கேதான் ஒரு கணக்கு இடிக்கிறது. எந்தப் பொருளையும் எல்லாப் பக்கமும் 4 மடங்கு பெரிதாக்கினால் பரப்பு 16 மடங்காகும், எடையோ 64 மடங்காகும். தூக்க வேண்டிய இறக்கை 16 பங்குதான் வளர்ந்திருக்கிறது, தூக்கப்பட வேண்டிய சுமை 64 பங்கு. குழந்தைச் சட்டையை நாலு மடங்கு பெரிதாகத் தைத்து யானைக்குப் போட முடியாது. அந்த வருடம் அக்டோபர் 7 அன்று ஒரு முறை, டிசம்பர் 8 அன்று ஒரு முறை லாங்லியின் விமானம் ஏவுமேடையிலிருந்து கிளம்பி நேராக ஆற்றில் விழுந்தது. ஏவுகருவியில் சிக்கியதா, உடம்பு தாங்கவில்லையா என்று இன்னமும் வாதம் செய்கிறார்கள். அந்தக் குளிரில் தண்ணீருக்குள் போய் மூச்சுத் திணறி வெளியே வந்தவர் லாங்லி அல்ல, அவருடைய உதவியாளர் சார்லஸ் மேன்லி. லாங்லிக்கு அப்போது 69 வயது.

ஒன்பது நாள் கழித்து டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் 12 விநாடி பறந்தார்கள், 120 அடி. அரசாங்கப் பணம் ஒரு டாலர்கூடக் கிடையாது. சைக்கிள் கடை வருமானம்தான். 1878-ல் அப்பா வாங்கி வந்த ஒரு ரப்பர் பேண்ட் பொம்மையில் தொடங்கிய ஆசை அது. 1900-லிருந்து வருடா வருடம் கிட்டி ஹாக் மணல்மேட்டுக்குப் போய், தாங்களே கட்டிய கிளைடரில் தாங்களே குப்புறப் படுத்துப் பறந்தார்கள். கணக்கு சரியில்லை என்று மணலில் மூக்கு மோதியபோதுதான் தெரிந்தது. 1901-ல் ஊர் திரும்பி, ஒரு மரப்பெட்டிக் காற்றுச்சுரங்கம் செய்து, சுமார் இருநூறு குட்டி இறக்கைகளைச் சோதித்தார்கள்.

லாங்லி மட்டமானவர் என்று சொல்ல வரவில்லை. அறிவிலும் நேர்மையிலும் குறையில்லாத மனிதர். ஆனால் அவருடைய தவறு அவர் மூக்கில் மோதவில்லை, மேன்லியின் மூக்கில் மோதியது. ரைட் சகோதரர்களுக்கு அந்த வசதி இல்லை.

சரி, அப்படியென்றால் ஒவ்வொருவரும் தான் செய்த பொருளைத் தானே பயன்படுத்தினால்தான் ஒழுக்கம் வருமா? சக்கர நாற்காலி செய்கிறவர் நடக்க முடியாதவராக இருக்க வேண்டுமா? லாரி புஷ் கடைகிற ஏழு பேரும் லாரி ஓட்டப் போக வேண்டுமா? நடக்கிற காரியமா?

இந்த இடத்தில்தான் அண்ணனின் சுவரில் தொங்குகிற இன்னொரு காதலி உதவிக்கு வருகிறாள்.

பேஸ் கிடாரை இன்றைய உருவத்தில் கடைக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர் கலிஃபோர்னியாவின் லியோ ஃபெண்டர். நம்ம கட்சி. படித்தது அக்கவுன்டன்சி, பார்த்தது கணக்கு எழுதும் வேலை. முப்பதுகளின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை போய், 1938-ல் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். இதில் வேடிக்கை, அவருக்குக் கடைசி வரை கிடார் வாசிக்கத் தெரியாது.

அந்தக் காலத்து இசைக்குழுக்களில் பேஸ் என்றால் ஆளுயர வயலின் மாதிரி ஒரு பூதம். காரில் ஏற்ற முடியாது. டிரம்ஸும் டிரம்பெட்டும் சேர்ந்தால் அதன் சத்தம் கேட்காது. விரலை எங்கே வைப்பது என்பதற்கு அடையாளமும் கிடையாது, சற்று விலகினால் அபஸ்வரம். ஃபெண்டர் அதைத் தோளில் மாட்டுகிற அளவுக்குச் சுருக்கினார். சுருக்குவதிலும் அதே விமானக் கணக்குதான். சாதாரண கிடார் தந்தியின் நீளம் இருபத்தைந்தரை அங்குலம். அதே தந்தியில் ஒரு ஸ்தாயி கீழே போக வேண்டுமென்றால் நீளம் இரண்டு மடங்கு, 51 அங்குலம் ஆக வேண்டும். எந்த மனிதக் கைக்கும் எட்டாது. தந்தியைத் தடியாக்கி, நீளத்தை 34 அங்குலத்தில் நிறுத்தினார். கிடாரில் இருப்பதுபோல உலோகக் கட்டைகள் பதித்தார், விரலை வைத்தால் ஸ்வரம் துல்லியமாகப் பேசும். 1951-ல் வந்தது. பெயரே 'பிரிசிஷன் பேஸ்', துல்லிய பேஸ்.

வாசிக்கத் தெரியாத ஆள் இத்தனை சரியாக எப்படிச் செய்தார்? ரிப்பேர் கடைக்காரரின் புத்தி. தான் செய்த கிடாரையும் ஆம்ப்ளிஃபயரையும் ராத்திரி கிளப்புகளில் வாசிக்கிறவர்களிடம் கொடுத்துவிடுவார். என்ன குறை என்று கேட்பார். எங்கே கை வலிக்கிறது, எங்கே இரைகிறது, எது கழன்று விழுந்தது? திரும்பக் கொண்டுபோய் மாற்றுவார். மறுபடி கொடுப்பார். விளைவு தானாக வந்து அவர் தலையில் விழவில்லை. அது விழுகிற இடத்தைத் தேடி அவரே போய் நின்றார். 1965-ல் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 13 மில்லியன் டாலருக்கு விற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை, 1991-ல் இறக்கும் வரை கிடார் செய்துகொண்டுதான் இருந்தார்.

ஆகவே என் விடையைக் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன். பிறக்கும்போதே உள்ளே வைத்து அனுப்பிய சாமானாக மனசாட்சி எனக்குத் தெரியவில்லை. அது ஒரு பழக்கம். செய்த வேலையின் விளைவு நம்மிடம் திரும்பி வந்து பேசுகிற இடத்தில் அந்தப் பழக்கம் வளர்கிறது. திரும்பி வராத இடத்தில் அது வாடிப்போகிறது. ஆபீஸில் இல்லாத மனசாட்சி தோட்டத்தில் எப்படி வருகிறது என்றால், செடி பதில் சொல்கிறது. ஃபைல் சொல்வதில்லை.

பி.காம் முதல் வருடத்தில் ஆடம் ஸ்மித்தின் குண்டூசித் தொழிற்சாலையை உருப்போட்டிருப்போம். 1776-ல் எழுதியது. ஒரு குண்டூசி செய்ய 18 வேலை. பத்து பேர் பிரித்துக்கொண்டு செய்தால் நாளைக்கு 48,000 ஊசி. பரீட்சைக்கு இதுவரை போதும், பத்து மார்க். ஆனால் அதே புத்தகத்தின் கடைசிப் பகுதியில் ஸ்மித் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். வாழ்நாள் முழுக்க ஒன்றிரண்டு எளிய அசைவுகளையே செய்துகொண்டிருக்கும் மனிதனின் புத்தி மழுங்கிப்போகும், அரசாங்கம் கவனிக்க வேண்டும் என்று எச்சரிக்கிறார். அது சிலபஸில் இல்லை. 48,000 ஊசி மட்டும் சிலபஸில் இருந்தது.

அந்தப் பத்து பேரில் ஊசியின் தலையை மட்டும் ஒட்டுகிறவருக்கு, அந்த ஊசி எந்தத் துணியில் குத்தியது, எந்தக் குழந்தையின் காலில் குத்தியது என்று தெரிய வழியே இல்லை. வேலையைப் பிரித்தபோது விளைவையும் சேர்த்துப் பிரித்துவிட்டோம். காக்களூர், கும்மிடிப்பூண்டி, அம்பத்தூர் எல்லாமே அந்தக் குண்டூசிதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்தப் பேட்டைகளால் சோறு தின்கிற குடும்பங்கள் ஏராளம். அங்கே ஒரு கயிறு அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை யாராவது மெனக்கெட்டு மறுபடி கட்ட வேண்டும்.

அண்ணனின் பட்டறையில் நடந்த ஒரு விஷயம். புஷ்ஷின் உட்புறத்தில் எண்ணெய் ஓட ஒரு காடி வெட்ட வேண்டும். ஒரு லாட்டில் மூவாயிரம் புஷ்ஷுக்குக் காடியின் ஆழம் கொஞ்சம் குறைந்துவிட்டது. வாங்குகிற கம்பெனியில் ஐந்நூறுக்கு ஐந்து எடுத்து, உள்விட்டமும் வெளிவிட்டமும்தான் அளப்பார்கள். காடியை அளக்க மாட்டார்கள். பையன் ஒருவன் கேட்டான், 'யாருக்குத் தெரியப்போகுது சார்?'

இப்போது அண்ணனால் 'விமானத்துக்குத் தெரியும்' என்று சொல்ல முடியவில்லை. அந்த புஷ்ஷுக்குத் தெரிய இரண்டு வருடம் ஆகும். எந்த நெடுஞ்சாலையில், எந்த டிரைவரின் வண்டியில் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். எண்ணெய் சரியாகப் போகாமல் தேய்ந்தால், தேய்ந்தது காடி ஆழக் குறைவால்தான் என்று எந்த மெக்கானிக்கும் கண்டுபிடிக்கப் போவதில்லை. உண்மையிலேயே யாருக்கும் தெரியப்போவதில்லை.

மூன்று ராத்திரி உட்கார்ந்து மூவாயிரத்தையும் மறுபடி லேத்தில் ஏற்றினார்கள். ஓவர்டைம் காசு அண்ணன் கையிலிருந்து. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனை ஒரு லாரி மெக்கானிக் ஷெட்டுக்குக் கூட்டிப் போனார். கழற்றிப் போட்டிருந்த தேய்ந்த புஷ்ஷை அவன் கையில் கொடுத்து, விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். பக்கத்தில் டிரைவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார், வண்டி நின்று இரண்டு நாளாச்சு, வாடகை போச்சு என்று புலம்பியபடி. அண்ணன் வேறு எதுவும் பேசவில்லையாம். இப்போது வருடத்துக்கு ஒரு தடவை எல்லோரையும் அங்கே கூட்டிப் போகிறார்.

இந்தக் கதைக்கு சினிமா முடிவு கிடையாது. கஸ்டமர் விஷயம் கேள்விப்பட்டு நெகிழ்ந்து ஆர்டரை இரட்டிப்பாக்கவில்லை. அடுத்த காலாண்டில் புஷ்ஷுக்கு நாற்பது பைசா குறைக்கச் சொன்னார்கள்.

இங்கே உங்களில் சிலர் கை தூக்குவது தெரிகிறது. 'ஓஹோ, யாரும் பார்க்காத வேலையைச் சந்தோஷமாகச் செய், பலனைக் கேட்காதே என்று தொழிலாளிக்கு உபதேசமா? முதலாளி ரூமில் மாட்டியிருக்கிற காலண்டர் மாதிரி இருக்கிறதே!'

நியாயமான கோபம். இதற்குப் பதில் சொல்லாமல் போனால் கட்டுரை பொய்யாகிவிடும்.

ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒரு பேஸ் கலைஞர். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் கம்பெனியின் ஸ்டூடியோவில், ஃபெண்டரின் அதே பிரிசிஷன் பேஸை வைத்துக்கொண்டு அறுபதுகளில் எத்தனையோ ஹிட் பாடல்களுக்கு வாசித்தவர். உலகமே அந்தப் பாட்டுகளுக்கு ஆடியது. ஸ்டூடியோ கலைஞர்களின் பெயரை இசைத்தட்டின் அட்டையில் போடும் வழக்கம் அங்கே இல்லை. 1971-ல் மார்வின் கே-யின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் அவர் பெயர் வந்தது. 1983-ல் செத்துப்போனார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது 2000-ல், இறந்து 17 வருடம் கழித்து.

நம்மூரிலும் பழைய கேசட் உறைகளை எடுத்துப் பாருங்கள். இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர்கள். வாசித்தவர்கள்? பெரும்பாலும் கிடையாது. ஏ.ஆர்.ரஹ்மான் தன் ஆல்பங்களில் வாத்தியக் கலைஞர்களின் பெயரை அச்சடித்தபோதுதான், பேஸ் வாசித்த கீத் பீட்டர்ஸ் மாதிரியான பெயர்கள் நம் கண்ணில் பட்டன.

கண்ணுக்குத் தெரியாத வேலையைச் சரியாகச் செய்வது செய்கிறவரின் தர்மம். அதைக் கண்டுபிடித்துக் கூலியும் பெயரும் கொடுப்பது மற்றவர்களின் தர்மம். முதலாவதை மட்டும் பேசிவிட்டு இரண்டாவதை மறந்தால் அதற்குப் பெயர் சுரண்டல். நாற்பது பைசா குறைக்கச் சொன்ன ஆபீஸரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மெக்கானிக் ஷெட்டுக்கு வந்து உட்கார வேண்டும். அவருடைய கையெழுத்தின் விளைவும் அங்கேதான் விழுகிறது.

இன்னொரு ஆட்சேபணை நேரடியாகவே வந்தது. பரணிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போனதும் அண்ணி காபி கொடுத்துக்கொண்டே சொன்னார்: 'அந்த ஏரோப்ளேனுக்குள்ள ஒரு குச்சிய மாத்தினாரு, பெரிய விஷயமா கேட்டுட்டு வர்றீங்க. இந்த வீட்ல இருபத்தெட்டு வருஷமா தினமும் நூறு குச்சி மாத்தறேன். எந்தப் பத்திரிகைக்காரரும் சமையல்கட்டுப் பக்கம் வந்ததில்ல.' அண்ணன் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

அண்ணி சொன்னதில் சரக்கு இருக்கிறது. விமானம் கட்ட லட்சக்கணக்கில் பணமும், ராத்திரி எட்டு மணிக்கு மேல் மிச்ச நேரமும், அந்த நேரத்தில் வேறு யாரோ சமைத்துக்கொண்டிருப்பதும் வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்துவிட்டு ஒண்டுக்குடித்தனத்துக்குத் திரும்புகிறவருக்குப் பரண் ஏது? ஆனால் விமானம் இதில் முக்கியமில்லை. செய்த கையிடமே விளைவு திரும்பி வரும் வேலை ஏதாவது ஒன்று ஒவ்வொருவருக்கும் வேண்டும். தான் வைத்த ரசத்தைத் தானே குடிப்பது, தான் தைத்த சட்டையைத் தன் பிள்ளை போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போவது, தொட்டியில் நாலு தக்காளிச் செடி. அந்த இடத்தில் கற்ற ஒழுங்கு, விளைவு திரும்பி வராத இடத்திலும் கொஞ்ச தூரம் கூட வருகிறது. பரணில் பசையோடு பழகியிராவிட்டால் அண்ணன் மூவாயிரம் புஷ்ஷை மறுபடி ஏற்றியிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

கொஞ்ச தூரம்தான் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ரோஜா வளர்த்துக்கொண்டே ஆபீஸில் கழுத்தறுக்கிறவர்கள் உண்டு. பொழுதுபோக்கு ஒருவரைப் புனிதராக்கிவிடாது. பயிற்சி மைதானம் இருந்தால் மட்டும் எல்லோரும் டெண்டுல்கர் ஆகிவிடுவதில்லை. ஆனால் மைதானமே இல்லாமல் யாரும் ஆனதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். பேஸ் கிடாரின் அடித்தந்தி விநாடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. எண்பதுகளில் நம் வீட்டிலும் டீக்கடையிலும் இருந்த ரேடியோவின் கையகல ஸ்பீக்கரால் அந்தச் சத்தத்தைச் சரியாக எழுப்பவே முடியாது. காது எதையோ யூகித்துக்கொண்டது, அவ்வளவுதான். அது தெரிந்திருந்தும் இளையராஜா பேஸுக்கு அத்தனை மெனக்கெட்டு எழுதினார், அவர் குழுவில் சசிதரன் அதை அத்தனை சுத்தமாக வாசித்தார். கேட்கும் கருவிகூட இல்லாத ஜனங்களுக்காக.

இன்றைக்கு ராத்திரி நல்ல ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு, உங்களுக்கு மனப்பாடமான எண்பதுகளின் பாட்டு எதையாவது போடுங்கள். பாடகரை விட்டுவிடுங்கள், அவரைத்தான் நாற்பது வருடமாகக் கேட்கிறோமே. வயலினையும் விட்டுவிடுங்கள். அடியில், தரையோடு தரையாக ஒருவர் நடந்துகொண்டிருப்பார். அவர் பின்னாலேயே கடைசி வரை போய்ப் பாருங்கள்.